மின்சாரக் காரை மழையில் நம்பலாமா?

கேள்வி: வேளச்சேரியில் குடியிருக்கிறோம். கார் நிறுத்துமிடம் தரைத்தளத்தில். மின்சாரக் கார் வாங்க ஆசை. ஆனால் மழையில் சார்ஜ் போட்டால் ஷாக் அடிக்கும், வெள்ளம் வந்தால் பேட்டரி போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: மழைக்குப் பயப்பட வேண்டாம். காரை ஓட்டும் பெரிய பேட்டரியின் மின்சாரம் காரின் உடலோடு எங்கும் சேர்வதில்லை. கசிவு தெரிந்தால் காரே இணைப்பைத் துண்டித்துவிடும். சார்ஜர் துப்பாக்கி (காரில் செருகும் கைப்பிடி) முழுதாகப் பொருந்தி, காரும் சார்ஜரும் ஒன்றையொன்று அடையாளம் கண்ட பிறகுதான் மின்சாரம் பாயும். எனக்குக் கவலை வீட்டு வயரிங்மேல்தான். ஈரத் தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சார்ஜ் போடவே கூடாது. நல்ல எர்த்தும், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். சார்ஜர் பாயிண்டை இடுப்புக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள்.

வெள்ளம் வேறு விஷயம். விளம்பரத்தில் ஐபி67 என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில், அசையாத நல்ல தண்ணீரில், 30 நிமிடம் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். அதுவும் பேட்டரிப் பெட்டிக்குத்தான், முழுக் காருக்கும் இல்லை. சாக்கடை கலந்த வெள்ளத்தில் இரவு முழுக்க நின்றால் அந்தக் கணக்கு செல்லாது. சீட்டுக்கு அடியில் போகும் வயர்கள், கார்ப்பெட், விளக்கு போன்றவற்றுக்கான சின்ன 12 வோல்ட் பேட்டரி எல்லாம் நனையும். காற்று இழுக்கும் குழாய் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் புகுவது பெட்ரோல் காரில் உண்டு. மின்சாரக் காரில் அந்தத் தொல்லை இல்லை. அதற்காக ஆழம் தெரியாத சுரங்கப்பாதையில் இறங்கிவிடாதீர்கள்.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே உங்கள் பகுதிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள் அல்லவா? மின்சாரக் காருக்கும் அதுதான் சரி. முதல் நாளே சார்ஜ் போட்டு, மேடான இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

மீறி மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். சக்கரம் உருளாமல், லாரிமேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். வீட்டை விட்டு 50 அடியாவது தள்ளி நிறுத்துங்கள். 2022இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இயன் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய சில மின்சாரக் கார்கள், தண்ணீர் வடிந்த பிறகு தீப்பிடித்தன.

அப்புறம் இன்சூரன்ஸ். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய் தராது. முழு பாலிசியோடு பேட்டரிப் பாதுகாப்பு ஆட்-ஆனும் (கூடுதல் காப்பு) எடுங்கள். வெள்ளத்தில் பேட்டரி கெட்டால் பணம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள்.