கறுப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வெயிலில் தெரியும் மெல்லிய கீறல்களை எப்படிப் போக்குவது?

கறுப்பு ஸ்போர்ட்ஸ் கார், நிழலில் பளபளவென்று இருக்கிறது, வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி கோடுகள் தெரிகின்றன, காம்பவுண்ட் என்ற கரகரப்பான பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா, இல்லை செராமிக் கோட்டிங் அடித்தால் மறைந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோட்டிங் அடித்தால் மறையாது. அது ஒளி ஊடுருவும் மெல்லிய படலம். அடியில் இருக்கும் கோடுகளை அப்படியே உள்ளே வைத்து மூடிவிடும். பிறகு கோடுகளை எடுக்க நினைத்தால் கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். காம்பவுண்ட் போடலாமா என்றால், போடலாம். ஆனால் அதில் தொடங்காதீர்கள். கார் டீடெய்லிங் வேலையைப் பல வருஷமாகச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வேலையில் எவ்வளவு தேய்க்கிறோம் என்பதைவிட எங்கே நிறுத்துகிறோம் என்பதுதான் முக்கியம்.

காரணம் பெயின்டின் அமைப்பிலேயே இருக்கிறது. உலோகத்தின் மேல் ப்ரைமர், அதன் மேல் நிறம் தரும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனியில் அடித்த பெயின்டில் இந்த அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. நீங்கள் பார்க்கும் கோடுகள் எல்லாம் அந்த மேல் அடுக்கில்தான் விழுந்திருக்கின்றன. பாலிஷ் போடுவது என்றால் கீறலை நிரப்புவதல்ல, அதைச் சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைக் கீறலின் அடிமட்டம் வரை தேய்த்து இறக்குவது. தேய்த்தது திரும்ப வராது. வெயிலில் நிறம் மங்காமல் காக்கும் புற ஊதாத் தடுப்புப் பொருளும் அந்த அடுக்கில்தான் கலந்திருக்கிறது. அளவு மீறி மெலிந்துவிட்டால் சில வருஷங்களில் கிளியர் கோட் வெளுத்து உரிய ஆரம்பிக்கும். அதற்கு மறுபெயின்டைத் தவிர வழி கிடையாது.

அந்த வலை வட்டமாகத் தெரிவதைப் பார்த்து, யாரோ வட்டம் வட்டமாகத் துடைத்ததால் வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கோடுகள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. வெளிச்சத்தைச் சுற்றி வளைவாக அமைகிற கோடுகளின் விளிம்பு மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகிறது, மற்றவை தெரிவதில்லை. ஒரு டார்ச்சை பானட்டின் மேல் பிடித்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வலையும் கூடவே நகரும். வேலை முடியும் வரை அந்த டார்ச்தான் உங்கள் கண்.

பாலிஷ் மெஷினை எடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயின்ட் பளபளப்பில்லாத மேட் பினிஷாக இருந்தால் பாலிஷ் பேச்சே வேண்டாம். தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாக நிற்கும், அதைச் சரிசெய்ய முடியாது. ஸ்போர்ட்ஸ் கார்களில் முன்பக்கம் முழுக்கப் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருப்பது சகஜம். கோடுகள் அந்த ஃபிலிமின் மேலேயே இருக்கலாம். பானட் விளிம்பிலும் கண்ணாடி மூடியின் ஓரத்திலும் நகத்தால் தடவிப் பார்த்தால் ஃபிலிமின் ஓரம் தட்டுப்படும். இப்போது வரும் நல்ல ஃபிலிம்கள் பலவற்றில் மெல்லிய கோடுகள் சூடு பட்டாலே தானாக மூடிக்கொள்ளும். வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்தினாலோ வெந்நீர் ஊற்றினாலோ போதும். பழைய காராக இருந்து, வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் வைத்துத் தேய்க்கும்போது காரின் நிறம் துணியில் ஏறினால், கிளியர் கோட்டே இல்லாத பெயின்ட் என்று அர்த்தம்.

அப்புறம் தடிமன். பெயின்டின் தடிமனை அளக்கும் கேஜ் ஒன்றைக் கடன் வாங்கியாவது கதவு, பானட் என்று எல்லாப் பேனலையும் அளந்து எழுதி வையுங்கள். ஒரு பேனல் மட்டும் 200க்கு மேல் காட்டினால் அங்கே மறுபெயின்ட் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பேனல் மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்திருந்தால், யாரோ ஏற்கெனவே கடுமையாகத் தேய்த்திருக்கலாம், அங்கே கை வைக்காதீர்கள். ஒரு சிக்கல், கேஜ் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் கோட்டை மட்டும் பிரித்துச் சொல்லாது. இன்னொன்று, சாதாரண கேஜ் உலோகத்தின் மேல்தான் வேலை செய்யும். கார்பன் ஃபைபர் பானட், பிளாஸ்டிக் பம்பர், 1953 முதலே உலோகமில்லாத பாடியோடு வரும் கார்வெட் போன்ற கார்கள் எல்லாவற்றுக்கும் ஒலி அலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் கேஜ்தான் வேண்டும். அது கிடைக்காவிட்டால் அந்தப் பேனல்களில் மென்மையான பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்தது சுத்தம். நன்றாகக் கழுவிய பிறகு இரும்புத் துகளைக் கரைக்கும் திரவத்தை அடியுங்கள். பிரேக் தூசு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். பிறகு தாராளமாக வழுக்கும் திரவம் தெளித்துக் கிளே பார் (ஒட்டிய அழுக்கைப் பிடுங்கும் களிமண் போன்ற கட்டி) ஓட்டுங்கள். உள்ளங்கையை பிளாஸ்டிக் கவருக்குள் விட்டுத் தடவினால் சொரசொரப்பு இருக்கக் கூடாது. ரப்பர், மேட் பிளாஸ்டிக், பேட்ஜ், பேனலின் கூர்மையான விளிம்புகள் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கூர்மையான மடிப்புகளில் பெயின்ட் மெலிதாகத்தான் படிந்திருக்கும். ஸ்போர்ட்ஸ் காரில் மடிப்புக்குப் பஞ்சமே இல்லை.

இப்போது சோதனைத் திட்டு. முழு வேலையிலும் அவசரப்படவே கூடாத இடம் இதுதான். பானட்டிலோ டிக்கி மூடியிலோ சுமார் ஒன்றரை அடிச் சதுரத்தை டேப்பால் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மென்மையான ஃபோம் பேட், மிக மெல்லிய பாலிஷ், இந்தக் கூட்டணியில் தொடங்குங்கள். பேட்டில் பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷினை ஆன் செய்யும் முன்பே கட்டத்துக்குள் தொட்டுத் தொட்டுப் பரப்பிவிட்டால் தெறிக்காது. குறைந்த வேகத்தில் ஒருமுறை பரப்பி, நடுத்தர வேகத்துக்கு ஏற்றி, வினாடிக்கு ஓர் அங்குலம் அளவில் மெதுவாக நகர்த்துங்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையில் பாதியை மூட வேண்டும். முதலில் இடம் வலமாக, அடுத்து மேலும் கீழுமாக. நாலு சுற்று போதும். துடைத்துவிட்டு, தண்ணீர் கலந்த ஐசோப்ரோபைல் ஆல்கஹாலையோ எண்ணெயை நீக்கும் பேனல் வைப் திரவத்தையோ தெளித்து இன்னொருமுறை துடையுங்கள். இதைத் தவிர்க்கக் கூடாது. பாலிஷில் இருக்கும் எண்ணெய் கோட்டுக்குள் உட்கார்ந்து அதை மறைத்துக் காட்டும், நாலு முறை கழுவியதும் கோடு திரும்ப எட்டிப் பார்க்கும். எண்ணெயை எடுத்த பிறகு டார்ச் அடித்துக் கட்டத்தின் உள்ளேயும் வெளியேயும் ஒப்பிடுங்கள்.

பெரும்பாலான கோடுகள் போயிருந்தால் அதே கூட்டணியில் முழுக் காரையும் முடித்துவிடுங்கள். போதவில்லை என்றால் முதலில் பேட்டை மட்டும் ஒரு படி கடினமாக்குங்கள். அதுவும் போதாவிட்டால் பாலிஷை ஒரு படி ஏற்றுங்கள். காம்பவுண்ட் வரை போக வேண்டி வந்தால் போங்கள், ஆனால் அதன் பிறகு மெல்லிய பாலிஷால் ஒருமுறை முடித்துக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கறுப்பில் மூட்டம் நிற்கும். மற்றவர் காருக்குப் பலித்த கூட்டணி உங்கள் காருக்குப் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மெர்சிடிஸ் 2003 முதல் செராமிக் நுண்துகள் கலந்த கடினமான கிளியர் கோட்டைக் கொண்டுவந்தது. நிஸ்ஸான் 2005இல் சின்னக் கீறல்களைத் தானே சரிசெய்துகொள்ளும் நெகிழ்வான கிளியர் கோட்டை அறிமுகப்படுத்தியது. இரண்டும் பேடுக்கு அடியில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

மெஷின் விஷயத்தில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது, புதிதாகச் செய்பவர் டூயல் ஆக்ஷன் மெஷினைத்தான் எடுக்க வேண்டும். அது சுழலும்போதே அசைந்தும் ஆடுவதால் ஓரிடத்தில் சூடு குவிவது குறைவு. ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுற்றும், வேகமாக வெட்டும், பழகாத கையில் ஒரு விளிம்பைச் சில வினாடிகளில் ப்ரைமர் வரை கொண்டுபோய்விடும். டூயல் ஆக்ஷனில் பேட் மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். உப்பிய பின் ஃபெண்டர் மாதிரி வளைவுகளில் பேட் சுழல்வது நின்று வெறுமனே அதிர மட்டும் செய்யும். அந்தக் கோட்டைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அழுத்தத்தைக் குறைத்து, பேட்டைச் சமமாகப் பிடியுங்கள், அல்லது சின்ன பேட்டுக்கு மாறுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் பேட்டை பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். பழைய பெயின்ட் துகள் அடைந்த பேட் புதிய கோடு போடும். கார்பனும் பிளாஸ்டிக்கும் அலுமினியம் மாதிரி சூட்டைக் கடத்திவிடாது. அடிக்கடி புறங்கையால் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பைத் தாண்டினால் கொஞ்சம் விட்டுவிட்டுத் தொடருங்கள்.

எல்லாக் கோட்டையும் எடுத்தே தீருவேன் என்று மட்டும் நிற்காதீர்கள். கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷால் பத்திரமாகப் போகும் ஆழமல்ல. ஆனாலும் பாலிஷ் அதன் கூர்மையான விளிம்பை மழுக்கிவிடுவதால் ஒளி அங்கே முன்போல் மின்னாது, இரண்டடி தள்ளி நின்றால் கண்ணில் படாது. அப்படிப்பட்ட நாலைந்து கோடுகளை விட்டுவைத்து, கிளியர் கோட்டை அடுத்த பல வருஷங்களுக்குக் காப்பாற்றுவதுதான் நல்ல வேலை என்பேன். காரின் மூக்கில் கல் தெறித்த பள்ளங்களுக்கும் பாலிஷ் எதுவும் செய்யாது, டச் அப் பெயின்ட்தான். டூத்பேஸ்ட் வைத்தியம் வேண்டவே வேண்டாம், அதன் துகள் கார் பெயின்டுக்காக அளந்து செய்ததல்ல.

இந்தக் கோடுகளில் பெரும்பகுதி கழுவும்போதும் துடைக்கும்போதும் வந்தவை. அந்தப் பழக்கம் மாறாவிட்டால் மறுபடி வரும், மறுபடி தேய்க்கவும் வேண்டியிருக்கும். தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள், அழுக்குக் காரின் மேல் கவர் போடாதீர்கள், பிரஷ் சுழலும் மெஷின் வாஷ் பக்கம் போகாதீர்கள். முதலில் நுரை அடித்து மண்ணைத் தண்ணீரிலேயே இறக்குங்கள். ஷாம்புக்கு ஒரு பக்கெட், மைக்ரோஃபைபர் கையுறையை அலச இன்னொரு பக்கெட். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். தாழ்ந்த கார், அகலமான டயர் என்றால் சக்கரத்துக்குப் பின்னாலும் கதவுக்குக் கீழும் மண் அதிகமாக அடிக்கும். அந்த இடங்களைக் கடைசியில், தனிக் கையுறையால் செய்யுங்கள். துவட்டும்போது பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டுத் தண்ணீரை உறிஞ்ச விடுங்கள். கோட்டிங்கோ வாக்ஸோ போட விரும்பினால் பாலிஷ் முடிந்த பிறகு போடுங்கள், அதற்கு அதுதான் சரியான நேரம்.

வெளியே கொடுத்துச் செய்வதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த மெஷின், தடிமன் அளப்பீர்களா, சோதனைத் திட்டு செய்து காட்டுவீர்களா. முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை எழுதித் தரச் சொல்லுங்கள். மென்மையான பாலிஷ் ஒருமுறை போட்டால் 1 அல்லது 2 மைக்ரான்தான் பொதுவாகக் குறையும், காம்பவுண்ட் சேர்ந்தால் அதைவிடச் சற்றுக் கூடும். அளவு பத்து, பதினைந்து குறைந்திருந்தால் விளக்கம் கேளுங்கள். காரை எடுக்கும்போது ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துத் திருப்தியாகிவிடாமல் வெளியே வெயிலில் நிறுத்தச் சொல்லி, பானட்டில் ஓரிடத்தை ஐசோப்ரோபைலால் துடைத்துப் பாருங்கள். ரோட்டரி விட்டுப்போகும் நிழல் மாதிரியான அலைகள் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், மெல்லிய பாலிஷால் இன்னொரு சுற்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.