கசிகின்ற மண்சாடியும் யப்பானியப் பூ அலங்காரமும்

கேள்வி: இகெபானா என்னும் யப்பானியப் பூ அலங்காரத்தைப் பழகத் தொடங்கியிருக்கிறேன். கண்ணாடிச் சாடி மனதுக்குப் பிடிக்காமையால், குயவர் ஒருவரிடம் சொல்லிக் கையால் வனைந்த மண்சாடி ஒன்றைச் செய்வித்தேன். மறுநாளே அடியில் ஈரம் ஊறி மேசைப் பலகை கறுத்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் சாடியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. குயவர் பிழை விட்டாரா? (வாசகி, கோண்டாவில்)

பதில்: குயவரிடம் ஒரு பிழையும் இல்லை. எங்கள் சட்டி பானைகள் ஏறக்குறைய 700 முதல் 900 பாகை செல்சியஸ் சூட்டிலேயே வேகின்றன. அந்தச் சூட்டில் களிமண் இறுகுமே தவிர உருகிப் பிணையாது என்பதால், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எஞ்சுகின்றன. மண்குடத்துத் தண்ணீர் வெயில் காலத்திலும் குளிர்ந்திருப்பது, அத்துளைகளால் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதனாலேயே. குடத்துக்குச் சிறப்பாக இருக்கும் அதே இயல்புதான் உங்கள் மேசையைக் கறுக்க வைத்தது. வெளியே பூத்திருப்பது பூஞ்சணம் அன்று. சுண்ணக்கல் நிலத்தில் ஊறும் எங்கள் கிணற்று நீரில் கரைந்திருக்கும் உப்புகள், நீர் ஆவியானதும் சுவரிலே படிந்துவிடுகின்றன. மழைநீர் ஊற்றினால் அது வெகுவாகக் குறையும்.

யப்பானின் சிகராக்கி, பிசென் போன்ற ஊர்களில் வனையப்படும் சாடிகள் 1,200 பாகையை அடையும் அல்லது தாண்டும் சூட்டில் வெந்தவை. அச்சூட்டில் மண்ணின் ஒரு பகுதி கண்ணாடிபோல் உருகித் துளைகளை அடைத்துவிடுகிறது. பிசென் சாடிக்கு மெருகுப் பூச்சே கிடையாது. பைன் விறகிட்டுப் பத்து நாள் அளவிலோ அதற்கு மேலோ எரிக்கும் சூளையில், சாம்பலும் சுவாலையும் பட்ட இடமெல்லாம் தாமாகவே நிறம் மாறுகின்றன. பூவுக்குப் பின்னால் அமைதியாக நிற்பதற்கு அந்த மண்ணிறத்தைவிடப் பொருத்தமானது வேறில்லை என்பது என் துணிபு. உங்கள் சாடியின் நிறமும் அதற்கு நெருங்கியதே. ஆகையால் அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது எளிது: சாடிக்குள் அடங்கும் கண்ணாடிக் குவளை ஒன்றை இறக்கி, அதிலே நீர் ஊற்றுங்கள். இது ஏமாற்று வேலை என்று எண்ண வேண்டாம். யப்பானியர் மூங்கிற் கூடையிலே பூ வைக்கும்போது, 'ஒத்தோஷி' எனப்படும் நீர்க்குழலை உள்ளே மறைத்து வைப்பது வழக்கம். எங்கள் பனையோலைப் பெட்டியையும் அவ்வாறே பூச்சாடியாக்கலாம்.

கசிவைப் பற்றி ஒரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. தேநீர்க் கலையின் பேராசான் சென் நோ ரிக்கியூ 1590இல் மூங்கிலை வெட்டிச் செய்த 'ஒன்ஜோஜி' என்னும் பூச்சாடியில் நீண்ட வெடிப்பு ஒன்று உண்டு. அதன் வழியே நீர் சொட்டியதை விருந்தினர் சுட்டியபோது, அந்தச் சொட்டுதலே அதன் உயிர் என விடை கிடைத்ததாகச் சொல்வார்கள். அச்சாடி இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: அகன்ற தட்டம் ஒன்றைக் குயவரிடம் செய்விக்க விரும்புகிறேன். என்ன அளவு சொல்வது? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: நீங்கள் கேட்பது 'சுயிபான்' என்னும் ஆழமற்ற நீர்த்தட்டம். இகெபானா ஆசான் ஒஹாரா உன்ஷின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய, ஆழமற்ற தட்டத்தில் பூக்களை அமைக்கும் 'மோரிபானா' முறைக்கு உரியது அது. உள்ளடி சமதளமாக இருக்க வேண்டும்; இல்லையேல் 'கென்சான்' எனும் ஊசிக்கட்டை ஆடும். ஈய அடியில் பித்தளை ஊசிகள் பதித்த அக்கட்டை பாரமானது என்பதால், தட்டத்தின் அடி கீறுப்படாதிருக்க ஒரு இறப்பர்த் துண்டை இடுங்கள். ஊசிகள் நீரில் மூழ்கும் ஆழம் வேண்டும். 5 சென்ரிமீற்றருக்குக் குறையாதிருப்பது நல்லது. களிமண் காய்ந்து வேகும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதால், முடிவில் வேண்டிய அளவையே சொல்லிவிடுங்கள். கூட்டி வனைவது குயவரின் பொறுப்பு. சாடிக்குச் சொன்ன கசிவு இதற்கும் உண்டு. தட்டத்தில் நீர்ப்பரப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டுமாதலால் உள்ளே குவளை வைக்க இயலாது. மெருகிட்டு உயர் சூட்டில் சுட்டுத் தரக்கூடியவரைத் தேடுவதே வழி.

அலங்காரத்தின் அடிப்படை மூன்று கிளைகள். தட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி ஒன்றரை மடங்காக்கினால், முதற் கிளையின் நீளம் கிடைக்கும். 30 சென்ரிமீற்றர் அகலமும் 5 உயரமும் ஆனால் அது 52 அளவில் வரும். இரண்டாவது அதன் முக்கால், மூன்றாவது இரண்டாவதன் முக்கால். இது இகெபானாப் பள்ளிகளுள் ஒன்றான சொகெத்சு மரபில் தொடக்க நிலையில் கற்பிக்கப்படும் அளவு. கை பழகிய பின் கண்ணே அளந்துகொள்ளும்.

கேள்வி: செவ்வரத்தை ஒரே நாளில் வாடுகிறதே, அதை இகெபானாவில் வைக்கலாமா? (வாசகி, மானிப்பாய்)

பதில்: தாராளமாக வைக்கலாம். செவ்வரத்தையின் இனத்ததான 'முக்குகே' என்னும் ஒருநாட் பூவைக் கோடைகாலத் தேநீர் அறையிலே யப்பானியர் விரும்பி வைக்கிறார்கள். விடியற்காலையில் ஒரு பூவும் ஒரு மொட்டும் சில இலைகளும் உள்ள சிறு கிளையைக் கொய்து, அதன் அடியை நீருக்குள் அமிழ்த்தியபடியே மறுபடி வெட்டுங்கள். காற்று புகுந்து தண்டின் நீர்க்குழாய்களை அடைக்காது. வாய் குறுகிய, கடும் மண்ணிறச் சாடியில் அதைத் தனியாக நிறுத்துங்கள். வேறு பூ வேண்டாம்.