கடவுள் ஏன் மனிதனாகப் பிறக்க வேண்டும்? மேலிருந்தே மன்னித்திருக்கலாமே?

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கடவுள் மனிதனானார் என்பது வேதத்திலேயே இருக்கிறதா, இல்லை பின்னால் வந்த சபை கூட்டம் போட்டு முடிவு செய்ததா என்பது ஒன்று. மன்னிக்க நினைத்தவர் மேலே இருந்தபடியே மன்னிக்காமல் இந்த உடம்பை எதற்கு எடுத்தார் என்பது இன்னொன்று.

முதலாவதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். அப்படி முடிவு செய்ததாகச் சொல்லப்படும் கூட்டம், நிசேயா நகரில் ஆயர்கள் கூடியது, கி.பி. 325-ல். அப்போஸ்தலன் பவுல் சிறையில் இருந்துகொண்டு பிலிப்பி ஊர் சபையாருக்கு, அதாவது பிலிப்பியருக்கு, கடிதம் எழுதியது அதற்கு 250 வருஷத்துக்கும் மேல் முன்னால். தேவனுடைய ரூபமாயிருந்த இயேசு தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, மனுஷர் சாயலானார் என்று அதன் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அதைக்கூட பவுல் புது உபதேசமாகச் சொல்லவில்லை. சபைக்குள் வீம்பு பிடிக்காமல் தாழ்மையாக இருங்கள் என்று புத்தி சொல்லும்போது, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயமாக எடுத்துக் காட்டுகிறார்.

இரண்டாவதற்கு மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்துக்கு வாருங்கள். ஒரு குஷ்டரோகி வந்து முழங்கால்படியிட்டு வேண்டிக்கொள்கிறான். நூற்றுக்கு அதிபதி என்ற ரோமப் படைத் தலைவனின் வேலைக்காரனைத் தூரத்திலிருந்தே ஒரு வார்த்தையில் சுகமாக்கினவர்தான் இயேசு, இங்கேயும் அப்படியே செய்திருக்கலாம், ஆனால் "கையை நீட்டி, அவனைத் தொட்டு" என்று எழுதியிருக்கிறது. சுகமான பிறகு தொடவில்லை, தீட்டு தீட்டு என்று சத்தமிட்டுக்கொண்டு ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும் என்று பழைய ஏற்பாட்டுச் சட்ட நூலான லேவியராகமம் சொன்ன அதே உடம்பைத் தொட்டார்.

வேலூர்க்காரர்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து, தொழுநோய் விரலைத் தின்பதில்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால்தான் சூடும் காயமும் பட்டுப் பட்டுக் கை கால் அழிகிறது என்று எடுத்துச் சொன்னார். என் பெரியம்மா காட்பாடிப் பக்கம் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். நோயாளியின் காலைத் தண்ணீரில் ஊற வைத்து, தடித்த தோலைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் தடவி, விரல் இடுக்கு விடாமல் பார்ப்பார், ஏனென்றால் முள் குத்தியிருந்தாலும் அந்த மனிதருக்குத் தெரியாது. அதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஃபோனில் செய்கிற வேலை இல்லை அது.

வலியே அறியாத ஒரு கடவுள் என் வலி தனக்குத் தெரியும் என்று சொன்னால் நான் எப்படி நம்புவது? எபிரெயர் நிருபம் இதற்குத்தான் பதில் சொல்கிறது: பிள்ளைகள் மாம்சத்தையும் இரத்தத்தையும் உடையவர்களாக இருக்க, அவரும் அவர்களைப் போல அதை உடையவரானார், மரணத்துக்கு அதிகாரியான பிசாசைத் தமது மரணத்தாலேயே அழிக்க. சாவு நம்மைப் பிடித்திருப்பது இந்த உடம்பில்தான், உடம்பில்லாதவர் சாக முடியாது. மன்னிப்பு மட்டும் போதுமென்றால் மேலிருந்தே முடித்திருக்கலாம், ஆனால் சாவை யார் உள்ளே போய் உடைப்பது?

கிறிஸ்மஸுக்கு வாசலில் ஸ்டார் கட்டி, குடில் வைத்து, குழந்தையோடு நிறுத்திக்கொள்கிறோமே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அந்த உடம்பை அவர் வேலை முடிந்ததும் கழற்றிப் போடவில்லை. உயிர்த்தெழுந்த பிறகும் சீஷர்கள் முன்னால் பொரித்த மீன் சாப்பிட்டார், தோமாவிடம் காயத்தைக் காட்டினார். நமக்காக இன்று பிதாவிடம் வேண்டுதல் செய்கிறவர் அந்தக் காயங்களோடு இருக்கிற ஒரு மனிதர் என்பதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

படிக்க நினைத்தால் பிலிப்பியரில் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் மாற்கு 1, அப்புறம் நண்பன் லாசருவின் கல்லறை முன்னால் அவர் அழுகிற யோவான் 11, அதற்குப் பிறகு எபிரெயர் 2. இந்த மூன்றையும் படித்துவிட்டுப் பிலிப்பியர் 2-க்குப் போனால், வெறுமையாக்கினார் என்று பவுல் எதைச் சொல்கிறார் என்பது தானாகவே புரியும்.