நட்பைப் பாடியவர்கள் நண்பர்களாக இருக்க வேண்டுமா?

வணக்கம் சார்,

அபுதாபியில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறேன். என் அறையில் இருப்பவர்களில் இரண்டு பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். லீவு நாள் வந்தால் கரோக்கே மைக்கை எடுத்துவிடுவார்கள். யார் யாரோ பாட்டெல்லாம் ஓடும். இரேசர்ஹெட்ஸ் என்ற குழுவின் பாட்டு வந்தால் மட்டும் பக்கத்து அறைக்காரர்களும் எழுந்து வந்துவிடுகிறார்கள். ஐம்பது வயது ஆட்கள் தோளில் கை போட்டுக்கொண்டு பாடுகிறார்கள். ஒருவர் அழுதேவிட்டார். கல்லூரிக்கால நட்பைப் பற்றிய பாட்டு என்று சொன்னார்கள்.

யார் இவர்கள் என்று தேடிப் படித்தேன். அந்தக் குழுவின் பாடகரே, 'நாங்கள் ஒருபோதும் நெருங்கிய நண்பர்களாக இருந்ததில்லை' என்று ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2002இல் பிரிந்துவிட்டு, அப்புறம் திரும்பத் திரும்ப ஒன்றுசேர்ந்து கச்சேரி நடத்துகிறார்கள். எனக்கு என்னவோ ஏமாந்த மாதிரி இருந்தது. நட்பே இல்லாதவர்கள் நட்பைப் பாடினால் அது நடிப்புதானே? ரீயூனியன் எல்லாம் காசுக்குத்தானே? ரூம்மேட்டிடம் இதைக் கேட்க மனம் வரவில்லை. எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

எஸ்., அபுதாபி

*

அன்புள்ள எஸ்.,

ரூம்மேட்டிடமே தாராளமாகக் கேட்டிருக்கலாம். ஈலை புவென்டியா அந்தப் பேட்டியைக் கொடுத்தது 2021இல். பிலிப்பைன்ஸில் அது பெரிய பேச்சானது. இந்தக் குழுவின் ரசிகர் ஒருவர் காதில் அது விழாமல் இருக்க வாய்ப்பு குறைவு. தெரிந்துகொண்டேதான் பாடுகிறார் என்று நினைக்கிறேன்.

குழு உருவான விதத்தைப் பார்த்தால் அந்தப் பேட்டியில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் டிலிமன் வளாகம் கேசோன் சிட்டியில் இருக்கிறது. 1989இல் அங்கே இருந்த இரண்டு மாணவர் குழுக்களிலிருந்து நான்கு பேர் ஒன்றுசேர்ந்தார்கள். பாட்டும் கிதாரும் புவென்டியா, டிரம்ஸ் ரேமண்ட் மரசிகன், பேஸ் கிதார் பட்டி சபாலா, லீட் கிதார் மார்கஸ் அடோரோ. டேவிட் லிஞ்ச் 1977இல் எடுத்த ஒரு விசித்திரமான படத்தின் பெயரை எடுத்துத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். சின்ன வயதிலிருந்து ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் என்ற கதையெல்லாம் இங்கே கிடையாது. வாசிக்க ஆள் தேவைப்பட்டது, ஆள் கிடைத்தது.

இன்னொன்று, அடுத்தவர் பாட்டை அச்சு அசலாக வாசிக்க இவர்களுக்கு வரவில்லை. மணிலாவில் இது சாதாரணக் குறை இல்லை. பிலிப்பைன்ஸ் இசைக்காரர்கள் ஆசியா முழுக்க ஹோட்டல்களிலும் சொகுசுக் கப்பல்களிலும் வேலை பார்ப்பதே அந்தத் திறமையை வைத்துத்தான். உங்கள் ஹோட்டல் லாபியிலேயே ஒரு குழு இருக்கலாம், பாருங்கள். அது வராததால் இவர்கள் சொந்தமாக எழுத ஆரம்பித்தார்கள். கிளப் ட்ரெட் மாதிரியான சின்ன இடங்களில் வாசித்தார்கள். 1991இல் 'பாப் யூ' என்று ஒரு டெமோ கேசட் போட்டார்கள். பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த ராபின் ரிவேரா இவர்களோடு சேர்ந்தார், அப்புறம் ஆல்பங்களுக்கும் அவரே தயாரிப்பாளரானார். பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் ஒப்பந்தம் போட்டு, 1993இல் முதல் ஆல்பம் வந்தது.

காலமும் கைகொடுத்தது. 1987இல் அதிபர் கொராசோன் அக்கினோ போட்ட ஆணைப்படி வானொலி நிலையங்கள் மணிக்கு நான்கு பிலிப்பினோ பாட்டாவது போட்டாக வேண்டும். என்யூ 107 என்ற ராக் நிலையமும் அந்த ஆண்டுதான் தொடங்கியது. கதவு திறந்திருந்தது, உள்ளே வரப் புதுப் பாட்டு வேண்டியிருந்தது.

முதல் ஆல்பத்தின் பெயர் 'அல்ட்ராஎலக்ட்ரோமேக்னடிக்பாப்!'. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. எழுபதுகளின் கடைசியில் பிலிப்பைன்ஸ் சிறுவர்கள் வோல்டஸ் ஃபைவ் என்ற ஜப்பானிய ரோபோ கார்ட்டூன் மீது பைத்தியமாக இருந்தார்கள். அதில் ரோபோவின் ஆயுதங்களுக்கெல்லாம் இந்த மாதிரி நீளப் பெயர்தான். கதை முடிய நான்கே பகுதிகள் இருந்தபோது, 1979இல், அப்போதைய அதிபர் மார்கோஸின் அரசு அதைத் தடை செய்தது. கடைசியில் என்ன ஆனது என்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. அந்தச் சிறுவர்கள்தான் 1993இல் கல்லூரியில் இருந்தார்கள். ஆல்பத்தின் பெயரைப் படித்ததுமே, இது நம்ம ஆள் போட்டது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கும்.

அந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பெட்டிக்கடைப் பாட்டு. 'தின்டஹான் நி அலிங் நேனா', அதாவது நேனா அக்காவின் கடை. ஒருவன் வினிகர் வாங்கக் கடைக்குப் போகிறான். கடைக்காரம்மாவின் மகளைப் பார்த்த மாத்திரத்தில் விழுந்துவிடுகிறான். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தெரிகிறது, அந்தப் பெண் கனடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. சிரிப்பாகத்தான் பாடுகிறார்கள். ஆனால் குடும்பத்துக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கும் ஊரில் அந்தக் கனடா ஒரு ஜோக் மட்டுமாக இருக்க முடியாது. இதை உங்கள் அறையில் உட்கார்ந்து கேட்டால் எப்படியிருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

'பரே கோ' என்ற பாட்டுதான் அவர்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. காதலில் ஏமாந்தவன் நண்பனிடம் புலம்புகிறான், புலம்பலில் ஒரு கெட்ட வார்த்தை வந்துவிடுகிறது. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், அந்த வார்த்தையை மாற்றிப் பாடிய வடிவம் ஒன்றும் வந்தது. பிள்ளைகள் மாற்றாத வடிவத்தைத்தான் பாடினார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

அடுத்த ஆல்பம் 'சர்க்கஸ்', 1994. அதில் இருந்த 'அலபாப்' என்ற பாட்டு போதைப்பொருளைப் புகழ்கிறது, தடை செய்ய வேண்டும் என்று செனட்டர் டீட்டோ சோட்டோ 1995இல் கிளம்பினார். அது விடுதலையைப் பற்றிய பாட்டு என்று குழு பகிரங்கக் கடிதம் எழுதியது. கேட்டால் இரண்டு பேர் சொல்வதும் சாத்தியம்தான் என்று எனக்குப் படுகிறது. எப்படியோ, செனட்டில் பேசப்பட்ட பாட்டு என்பதைவிடப் பெரிய விளம்பரம் இருபது வயதுக்காரர்களுக்குக் கிடையாது.

'சர்க்கஸ்' ஆல்பத்தில்தான் 'மின்சான்' இருக்கிறது. உங்கள் அறையில் தோளில் கை போட்டுப் பாடியது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். டிலிமனில் கலயான் என்று ஒரு மாணவர் விடுதி. அங்கே சந்தித்துக்கொண்டவர்களைப் பற்றிய பாட்டு. ஒவ்வொருவருக்கும் வாழ்க்கையில் தனித்தனி ஆசை, ஆனால் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், விடிய விடியக் குடித்தார்கள், ரகசியம் பேசினார்கள். அந்த நேற்று இப்போது வேகமாக மறைகிறது. எப்போதாவது நெருக்கடி வந்தால், ஒரு காலத்தில் நாம் உண்மையான நண்பர்களாக இருந்தோம் என்பதை மட்டும் நினைத்துக்கொள் என்கிறது பாட்டு.

கவனியுங்கள், 'இருந்தோம்'. 1994இல் இவர்களுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. நட்பு நீடிக்கும் என்று அந்தப் பாட்டு எந்த இடத்திலும் வாக்குக் கொடுக்கவில்லை. முடிந்துபோன ஒன்றுக்கு மரியாதை செய்கிறது, அவ்வளவுதான். 2021இல் புவென்டியா சொன்னதற்கும் இதற்கும் நீங்கள் நினைக்கிற அளவு முரண்பாடு இல்லை. உங்கள் ரூம்மேட் பாடும்போது அவர் மனதில் ஓடுவது புவென்டியாவும் மரசிகனும் அல்ல, அவருடைய சொந்த விடுதியும் இப்போது போன் நம்பர்கூட இல்லாத நாலு பேரும்தான். அதைப் பாடியவர்கள் மேடைக்குப் பின்னால் பேசிக்கொண்டார்களா இல்லையா என்பது அவருக்கு எதற்கு?

அடுத்து 1995, 'கட்டர்பில்லோ'. இதில் 'அங் ஹுலிங் எல் பிம்போ' இருக்கிறது. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. எல் பிம்போ எழுபதுகளில் பரவிய ஒரு நடனம். பள்ளி விட்டதும் ஒரு சிறுவன் நேராக ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். சின்ன வயதில் அவள் பழைய நடிகை பராலுமான் மாதிரி இருந்தாளாம். அவள் நாள் முழுக்க அவனுக்கு ஆடச் சொல்லிக் கொடுக்கிறாள். இடுப்பு எப்படி அசைகிறது, கைகள் எப்படிக் கோத்திருக்கின்றன என்பதையெல்லாம் பாட்டு சாவகாசமாகச் சொல்லிக்கொண்டு போகும். வருடங்கள் போகின்றன. அவளுக்குக் குழந்தை இருக்கிறதாம், கணவன் இல்லையாம், மணிலாவின் எர்மிதாவில் பாத்திரம் கழுவுகிறாளாம் என்று கேள்விப்படுகிறான். இத்தனையும் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. அடுத்த வரியில் ஓர் இரவு இருட்டுச் சந்தில் வண்டி அடித்து இறந்துபோகிறாள். இனி கனவில்தான் அவளோடு ஆடலாம்.

நடனத்துக்குக் கொடுத்த நேரத்தில் கால்வாசிகூட அந்தச் சாவுக்குக் கொடுக்கவில்லை. அழுகைக்கு இழுத்துப் பிடிப்பது சுலபம், இவர்கள் செய்யவில்லை. சொல்ல வேண்டியது முடிந்த பிறகு வாத்தியங்கள் நிற்காமல் ஏறிக்கொண்டே போகின்றன. வார்த்தையில் சொல்லாததை அந்தக் கடைசி நிமிடங்களில் நான்கு பேரும் சேர்ந்துதான் சொல்கிறார்கள். இங்கேதான் நட்பு என்ற கேள்வி எனக்கு அர்த்தமில்லாமல் போகிறது. கல்யாண நாதஸ்வர செட்டில் தவில்காரரும் நாதஸ்வரக்காரரும் தனியாகப் பேசிக்கொள்கிறார்களா என்று யாராவது விசாரிக்கிறோமா? தாளம் சேர்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

இந்தப் பாட்டின் வீடியோவுக்கு 1997இல் நியூயார்க்கில் எம்டிவி விருது கிடைத்தது, ஆசியப் பார்வையாளர்கள் தேர்வு என்ற பிரிவில். 'பிலிப்பைன்ஸின் பீட்டில்ஸ்' என்று அவர்களை அழைப்பார்கள். எனக்கு அந்தப் பட்டம் பிடிப்பதில்லை. லிவர்பூலில் வினிகர் வாங்கப் போனவனுக்குக் கனடா குறுக்கே வந்திருக்காது.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1997இல் 'ஸ்டிக்கர் ஹேப்பி', 1999இல் 'நாட்டின்99', 2001இல் 'கார்பன் ஸ்டீரியாக்ஸைடு'. பரிசோதனைகள் கூடின, ஒலி இறுகியது, சிரிப்பு குறைந்தது. 2002இல் புவென்டியா விலகினார். பட்டமளிப்பு நாள் வந்துவிட்டது என்று எஸ்எம்எஸ் அனுப்பி விலகியதாகச் சொல்வார்கள். கல்லூரியில் தொடங்கிய குழுவுக்குப் பொருத்தமான எஸ்எம்எஸ்தான். மற்றவர்கள் கிரிஸ் கோராவைப் பாடகராக வைத்துக் கொஞ்ச காலம் தொடர்ந்தார்கள். அதிலிருந்து கம்பியோ என்ற குழு வந்தது. புவென்டியா பிறகு பியூபில் என்ற குழுவில் பாடினார், மரசிகன் சாண்ட்விச்சில்.

சரி, ரீயூனியன் காசுக்குத்தானே என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், காசும் உண்டு. பதின்மூன்று வருடம் ஒன்றாக உழைத்தவர்கள் கூலி வாங்கினால் என்ன தப்பு? ஆனால் 2008 ஆகஸ்ட் 30ஆம் தேதி போனிஃபாசியோ குளோபல் சிட்டி மைதானத்தில் நடந்ததைக் காசு என்று மட்டும் சொல்ல முடியாது. முதலில் ஒரு சிகரெட் நிறுவனம் ஏற்பாடு செய்தது, சுகாதாரத் துறை எதிர்த்தது, நிறுவனம் விலகிக்கொண்டது. கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு புவென்டியாவின் அம்மா இறந்துபோனார். புவென்டியாவுக்கே ஏற்கனவே இதய நோய் இருந்தது. இருந்தும் மேடையேறினார். முதல் பாதி முடிந்த இடைவேளையில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், கச்சேரி அதோடு நின்றது. விட்ட பாதியை 2009 மார்ச் 7ஆம் தேதி மால் ஆஃப் ஏசியா மைதானத்தில் பாடி முடித்தார்கள். அதற்கு முந்தின நாள்தான், 'கட்டர்பில்லோ'வில் இவர்களோடு பாடிய ராப் பாடகர் பிரான்சிஸ் மகலோனா இறந்திருந்தார். அன்று மேடையில் ஒரு பியானோவுக்குத் தீ வைத்தார்கள். அது கொஞ்சம் ஓவர் என்பது என் கருத்து.

2014இல் ஒரு பத்திரிகையோடு சேர்த்து இரண்டு புதுப் பாட்டு கொடுத்தார்கள். மோசமில்லை, ஆனால் அவர்கள் பெயர் இல்லாவிட்டால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

2022 கதை வேறு. மறுபடி எப்போது சேருவீர்கள் என்று ஒரு ரசிகர் 2021 செப்டம்பரில் ட்விட்டரில் கேட்டதற்கு, லெனி போட்டியிட்டால் என்று புவென்டியா பதில் போட்டார். துணை அதிபராக இருந்த லெனி ரொப்ரெடோவைச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் ஊர் நாகா. அடுத்த மாதமே ரொப்ரெடோ அதிபர் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். 2022 மே மாதம் மார்கோஸின் மகனிடம் தோற்றார். சொன்ன சொல் தேர்தலில் நிற்பதைப் பற்றித்தானே, ஜெயிப்பதைப் பற்றி இல்லையே. அந்த டிசம்பர் 22ஆம் தேதி மணிலாவுக்குப் பக்கத்தில் பரனியாகேயில் பல்லாயிரம் பேர் முன்னால் நான்கு பேரும் வாசித்தார்கள். வோல்டஸ் ஃபைவின் கடைசி நான்கு பகுதிகளைப் பறிகொடுத்த பிள்ளைகள் ஐம்பதை நெருங்கி அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார்கள், அப்போது அதிபர் மாளிகையில் மறுபடியும் ஒரு மார்கோஸ்.

எங்கிருந்து கேட்பது? 'கட்டர்பில்லோ'வில் தொடங்குங்கள். பிறகு 'சர்க்கஸ்', அப்புறம் முதல் ஆல்பம். பின்னோக்கிப் போனால் அவர்கள் எவ்வளவு வேகமாக வளர்ந்தார்கள் என்பது தெரியும். கடைசி ஆல்பத்துக்கு அவசரமில்லை. 1996இல் 'ஃப்ரூட்கேக்' என்று ஆங்கிலத்தில் ஒரு கிறிஸ்துமஸ் ஆல்பம் போட்டார்கள், விமர்சகர்களைவிட எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸ் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும், உங்கள் அறையில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.