ஆராதனை ராகங்கள்: கேள்வி-பதில்

கே: ‘இரத்தம் காயம் குத்தும்’ ஞானப்பாட்டுக்கு ராகம் போட்டவர் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்தானே?

இல்லை. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர், 1601. அதுவும் ஒரு காதல் பாட்டுக்கு. கெர்ஹார்ட் என்ற கவிஞர் இதன் மூலமான ஜெர்மன் வரிகளை எழுதியது ஐம்பது வருஷம் கழித்து. பாக் அதை நான்கு குரலுக்கு அமைத்தார், அவ்வளவுதான். பாட்டின் வயது வேறு, ராகத்தின் வயது வேறு. எத்தனை தடவை எழுதுவது!

கே: சபைச் சீர்திருத்தம் செய்த லூத்தர் சாராயக்கடைப் பாட்டு மெட்டுகளைத்தான் ஆராதனைக்கு எடுத்தாராமே? வாலிபர் கூட்டத்தில் சொன்னார்கள்.

சொன்னவர் ஒரு பாட்டையாவது காட்டினாரா? காட்டியிருக்க மாட்டார். குழப்பமெல்லாம் ஒரு சொல்லில் இருக்கிறது. ஜெர்மன் பாட்டிலக்கணத்தில் ‘பார்’ என்று ஒரு வடிவம் உண்டு: ஒரு மெட்டு, அதே மெட்டு மறுபடி, அப்புறம் வேறு மெட்டில் முடிப்பு. லூத்தரின் ‘ஐன் ஃபெஸ்டெ புர்க்’ பாட்டைப் பாடிப் பாருங்கள். முதல் இரண்டு அடியின் ராகமே அடுத்த இரண்டு அடிக்கும் வரும்; ஐந்தாம் அடியில்தான் மாறும். இந்தப் ‘பார்’தான் குடிக்கிற ‘பார்’ ஆகிவிட்டது.

லூத்தர் எழுதியது சுமார் 35 பாட்டு. பழைய லத்தீன் ராகங்கள், ஜனங்கள் பண்டிகைக்குப் பாடிவந்த ஜெர்மன் பாட்டுகள், புதிதாகச் செய்தவை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். சபைக்கு வெளியே பாடிய பாட்டின் மெட்டு என்று கைகாட்ட அவருடைய கிறிஸ்துமஸ் பாட்டு ‘ஃபொம் ஹிம்மெல் ஹோஹ்’ இருக்கிறது. அதன் முதல் மெட்டும் ஒரு விடுகதைப் பாட்டினுடையதுதான். 1539-இல் அதற்கும் வேறு ராகம் வந்துவிட்டது. இன்று பாடுவது அதைத்தான். ‘மேலே காதல் பாட்டு என்றீர்களே’ என்று மடக்க வேண்டாம். ஹாஸ்லர் பிறந்ததே லூத்தர் இறந்து 18 வருஷம் கழித்து.

கே: ஜெர்மன் ஆராதனையில் நிருபத்தை (அப்போஸ்தலர் கடிதத்தை) ராகமாக வாசிக்க ஒரு தொனி, சுவிசேஷத்துக்கு வேறு தொனி ஏன்?

1525-இல் லூத்தர், ஜெர்மன் ஆராதனைக்கு ராகம் அமைக்க, இசையமைப்பாளர் யோஹான் வால்ட்டரைத் தம் ஊரான விட்டன்பர்குக்கு வரவழைத்து மூன்று வாரம் வைத்துக்கொண்டார். பழைய சபை இசையில் எட்டுத் தொனிகள் உண்டு. சுவிசேஷத்தில் வரும் கிறிஸ்துவின் பேச்சு இனிமையானது, ஆறாம் தொனி போதும். நிருபம் எழுதிய பவுல் கண்டிப்பானவர், அவருக்கு எட்டாம் தொனி என்றாராம். வால்ட்டரே எழுதிவைத்தது.

கே: கீர்த்தனைகளும் ஜெர்மனியிலிருந்து வந்தவையா?

ஞானப்பாட்டு ராகங்கள் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரிகள் வழியாக வந்தவை. கீர்த்தனை நம் மண். கீர்த்தனைகள் எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை ஜெர்மனிக்கு அனுப்பிவிடாதீர்கள்.

கே: படம் அனுப்பியிருக்கிறேன். எந்த வருஷத்து ராகம்?

படத்தில் பாதிப் பக்கமும் உங்கள் கட்டைவிரலும் இருக்கின்றன. முதல் அடியைக் காணோம். பாட்டுக்கு மேலே சின்ன எழுத்தில் ராகத்தின் பெயர் போட்டிருப்பார்கள், அதை அனுப்புங்கள். எழுதியவர் பெயரை மட்டும் அனுப்பிப் பயனில்லை. பாட்டின் வயது வேறு, ராகத்தின் வயது வேறு.