வந்து வந்து போகும் செக் என்ஜின் லைட்: டீசல் வண்டிக்காரங்க கேள்விகளுக்குப் பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வண்டிக்காரங்க கேட்டதுல சிலதுக்கு இங்க பதில் சொல்றேன். எல்லாமே பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி) டீசல் வண்டிங்க. 2020 ஏப்ரல் 1க்கு அப்புறம் பதிவான வண்டியில, வண்டிக்கு ஏத்தபடி டிபிஎஃப் (புகையில இருக்கிற கரியைப் பிடிக்கிற ஃபில்டர்), இஜிஆர் (புகையில கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பி அனுப்புற அமைப்பு), யூரியா சிஸ்டம் (புகையில யூரியாத் தண்ணி தெளிக்கிற அமைப்பு)னு புகையைச் சுத்தம் பண்ற சாமான் நிறைய இருக்கு. அதுல வர்ற கோளாறு நிறைய விட்டு விட்டுத்தான் வருது. ஷெட்டுக்குள்ள நுழையிற நேரம் வண்டி நல்லா இருக்கும். அதனால என்ன கோடு (ஸ்கேனர் காட்டுற கோளாறு எண்) வந்துச்சுங்கறதோட, எப்போ வந்துச்சுங்கறதையும் எல்லார்கிட்டயும் கேட்டேன்.

கேள்வி (பாலக்கோடு, தக்காளி பிக்கப்): அண்ணா, சேலத்துல தக்காளி இறக்கிட்டு வேற லோடு ஏத்திக்கிட்டுத் திரும்புறப்ப தொப்பூர் ஏத்தத்துல மட்டும் லைட் எரியுது, வண்டி இழுக்க மாட்டேங்குது. தர்மபுரி வந்து சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது. ஸ்கேன்ல பி 2453. டிபிஎஃப் அடைச்சிருச்சு, புதுசு போடணும்ங்கறாங்க. போட்டுடலாமா?

பதில்: போடாதீங்க தம்பி, இப்போதைக்கு வேண்டாம். டிபிஎஃப்ல கரி சேர்ந்து அடைச்சா வர்ற கோடு பி 2463. உங்களுக்கு வந்த 2453க்கு அர்த்தம் வேற: டிபிஎஃப் அழுத்த சென்சார் சொல்ற அளவு நம்புற மாதிரி இல்லைன்னு இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) சொல்லுது. அடைப்பு இருக்குன்னு அது சொல்லவே இல்லை.

அந்த சென்சாருக்கு டிபிஎஃப் முன்பக்கத்துல இருந்து ஒரு குழாய், பின்பக்கத்துல இருந்து ஒரு குழாய் வரும். ரெண்டுக்கும் நடுவுல அழுத்தம் எவ்வளவு வித்தியாசப்படுதுன்னு அது பார்க்கும். குழாயோட கடைசிப் பகுதி ரப்பர் ஹோஸ். சூட்டுல அது இறுகி, மாட்டுற வாய்ப்பக்கம் மெல்லிசா வெடிக்கும். ஐட்லிங்ல புகை கொஞ்சமா வர்றதால வெடிப்பு தெரியாது. தொப்பூர் ஏத்தத்துல லோடோட முழு ஆக்ஸிலேட்டர் மிதிக்கிறப்ப புகையோட வேகம் பல மடங்கு ஏறும், வெடிப்பு விரியும், அழுத்தம் அந்த வழியா கசிஞ்சிடும். இவ்வளவு காத்து உள்ள போயிருக்கே, அழுத்தம் மட்டும் ஏன் ஏறலைன்னு இசியூ சந்தேகப்பட்டு இழுவையைக் குறைச்சிடும். சமதரைக்கு வந்து சாவியைத் திருப்பினா அந்தக் கட்டுப்பாடு விலகிடும். உங்களுக்கு நடக்கறது பெரும்பாலும் இதுதான்.

உறுதிப்படுத்த மூணு சோதனை போதும். சாவி மட்டும் போட்டு, என்ஜின் ஸ்டார்ட் பண்ணாம ஸ்கேனர்ல அந்த அழுத்தத்தைப் பாருங்க. பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும். இல்லைன்னா சென்சாரோ அதோட வயரோ கோளாறு. அடுத்து ஸ்டார்ட் பண்ணி ரேஸ் கொடுங்க. ரேஸோடயே ஏறி ரேஸோடயே இறங்கணும். மூணாவதா, லோடோட அதே ஏத்தத்துல ஸ்கேனரை ரெக்கார்ட்ல விட்டு ஓட்டுங்க. பக்கத்துல இன்னொருத்தர் உட்கார்ந்து பார்க்கட்டும். தொப்பூர் எவ்வளவு உயிரை வாங்கின இடம்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஓட்டுறவர் கண்ணு ரோட்டை விட்டு விலகவே கூடாது. ரெக்கார்ட்ல ஏத்தத்துக்கு நடுவுல அளவு திடீர்னு விழுந்தா ஹோஸ் இல்லைன்னா சென்சார். தொடர்ந்து உச்சத்துலயே நின்னா மட்டும்தான் டிபிஎஃப் பத்திப் பேசணும்.

ஹோஸைக் கழட்டி வளைச்சுப் பாருங்க. காத்து அடிச்சு சுத்தம் பண்றதா இருந்தா சென்சாரைத் தனியாப் பிரிச்ச பிறகு அடிங்க, இல்லைன்னா சென்சாரும் போயிடும். ரெண்டு ஹோஸும் இடம் மாறாம மாட்டணும். நடுவுல தொங்கி தண்ணி தேங்குற மாதிரி விடக்கூடாது.

கேள்வி (கிருஷ்ணகிரி, கார்): லைட் தானா அணைஞ்சிடுது சார். அணையலைன்னா பேட்டரி வயரைக் கழட்டி மாட்டறேன். அப்புறம் பயமில்லைதானே?

பதில்: அதே கோளாறு மறுபடி வராம மூணு தடவை முழு ஓட்டம் முடிஞ்சா லைட் அணையும். கோடு உடனே அழியாது, நினைவுல நாள்கணக்கா இருக்கும். லைட் அணைஞ்சதை வச்சு வண்டி குணமாயிடுச்சுன்னு எடுத்துக்க முடியாது.

பேட்டரி வயரைக் கழட்டறதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. கோடு விழுந்த அந்த நொடியில வேகம், ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு எவ்வளவுன்னு இசியூ பதிஞ்சு வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம்னு சொல்றது இதைத்தான். விட்டு விட்டு வர்ற கோளாறுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. நிறைய வண்டியில நீங்க வயரைக் கழட்டினதும் அது அழிஞ்சிடுது. ஸ்கேனர்ல கோடை அழிக்கறதும் அப்படித்தான். முதல்ல அந்தப் பக்கத்தை போன்ல படம் எடுத்துக்கங்க, அழிக்கறது அப்புறம்.

கேள்வி (தேன்கனிக்கோட்டை, பிக்கப்): மார்கழி, தை மாசம் காலையில முதல் ஸ்டார்ட்ல மட்டும் யூ 029இ கோடு வருது. குளிர்ல யூரியா உறைஞ்சிடுதாங்க?

பதில்: இல்லைங்க. வண்டிக்கு ஊத்துற யூரியாத் தண்ணி மைனஸ் 11 டிகிரிக்குப் போனாத்தான் உறையும். உங்க ஊரு குளிர்தான், ஆனா அவ்வளவு இல்லை. இந்தக் கோடு, புகையில நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு நச்சு வாயு) எவ்வளவுன்னு பார்க்கிற பின்பக்க சென்சாரோட பேச்சு அறுந்துபோச்சுன்னு சொல்லுது. குளிர் காலையில முதல் ஸ்டார்ட்னா நான் முதல்ல பேட்டரியைத்தான் சந்தேகப்படுவேன். செல்ஃப் அடிக்கும்போது மல்டிமீட்டரை பேட்டரியில வச்சுப் பாருங்க. 12 வோல்ட் வண்டியில 9.6க்குக் கீழ இறங்கினா, பலவீனமான பேட்டரி, துருப்பிடிச்ச டெர்மினல், தளர்ந்த எர்த் இதுல ஒண்ணு இருக்கு. பேட்டரி மைனஸுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவுல செல்ஃப் அடிக்கிறப்ப 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் வயரைக் கழட்டிச் சுரண்டி மாட்டுங்க. நாக்ஸ் சென்சார் விலை உங்களுக்கே தெரியும், இதையெல்லாம் பார்க்காம அதை வாங்காதீங்க.

கேள்வி (பர்கூர் பக்கம், கிரானைட் குவாரி டிப்பர்): நாக்ஸ் சென்சார் ரெண்டு தடவை மாத்தியாச்சு. எஸ்பிஎன் 4364ங்கற கோடு திரும்பத் திரும்ப வருது. சில வாரம் வரவே வராது. முதலாளி என்னைத்தான் திட்டறார்.

பதில்: 4364ங்கறது சென்சார் கெட்டுப்போச்சுங்கற கோடு இல்லை. எஸ்சிஆர் (யூரியாவை வச்சு நாக்ஸைக் குறைக்கிற பகுதி) நாக்ஸை எதிர்பார்த்த அளவுக்குக் குறைக்கலைங்கறதுதான் செய்தி. சென்சார் பார்த்ததைத்தான் சொல்லுது. அதைச் சொன்னதுக்காக அதையே ரெண்டு தடவை மாத்தியிருக்காங்க.

"சில வாரம் வரவே வராது"ன்னீங்களே, அந்த வாரத்துல வண்டி எங்க ஓடுச்சு? சென்னை, பெங்களூருன்னு நெடுஞ்சாலையில ஓடியிருந்தா எனக்கு வேற சாட்சி வேண்டாம். குவாரிக்குள்ள மணிக்கணக்கா ஐட்லிங், ஊர்ந்து ஊர்ந்து ஓட்டம். சைலன்சர் சூடே ஏறாது. சூடு பத்தாம தெளிக்கிற யூரியா ஆவியாகாம, இன்ஜெக்டர் முனையிலயும் குழாய்ச் சுவர்லயும் வெள்ளையா உப்பு மாதிரி படியும். நீள ஓட்டத்துல கொஞ்சம் கரையும், குவாரிக்குத் திரும்பினா மறுபடி படியும். கோடு வந்து வந்து போறதுக்கு இதுவே போதும்.

நான் பார்க்கிற வரிசை இது. முதல்ல டேங்க்ல இருக்கிற யூரியாத் தண்ணியை ரிஃப்ராக்டோமீட்டர்ல (கரைசல் அடர்த்தி பார்க்கிற கருவி) பாருங்க, யூரியா 32.5 சதவீதம் வரணும். அப்புறம் இன்ஜெக்டரைக் கழட்டி அளவு ஜாடிக்குள்ள தெளிக்க விட்டு, கம்பெனி சொன்ன அளவு வருதான்னு பாருங்க. மூணாவது, சைலன்சர் இணைப்புகள்ல கசிவு. வெளிக்காத்து உள்ள போனா சென்சார் கணக்கு தப்பும். இதெல்லாம் சரியா இருந்தா வயரிங்குக்கு வாங்க. குவாரி வண்டியில சேஸிஸ் மேல வயர் உரசி உரசி உறை தேஞ்சிருக்கும். என்ஜின் ஓடறப்பவே லைவ் டேட்டா பார்த்துக்கிட்டு வயரை அங்கங்க அசைச்சுப் பாருங்க, எங்க அசைச்சா அளவு துள்ளுதோ அங்கதான் கோளாறு. பேட்டரியைத் துண்டிச்சுட்டு கேன் வயர் (இசியூவும் சென்சார்களும் பேசிக்கிற வயர் ஜோடி) ரெண்டுக்கும் நடுவுல 60 ஓம் வருதான்னும் பாருங்க. 120 வந்தா ஒரு முனை அறுந்திருக்கு.

டேங்க் மூடியைத் திறக்கிறதுக்கு முன்னாடி கிரானைட் தூசியைத் துடைச்சிடுங்க. முதலாளி கேட்டா இந்தப் பதிலையே காட்டுங்க, தப்பு உங்க மேல இல்லை.

கேள்வி (ஊத்தங்கரை): வயலுக்குப் போடற யூரியாவைத் தண்ணியில கரைச்சு ஊத்தினா என்ன?

பதில்: கண்டிப்பா கூடாது. 2015ல இருந்து நம்ம நாட்டுல விவசாய யூரியா முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருது. அந்த எண்ணெயும், போர் தண்ணியில இருக்கிற உப்பும் எஸ்சிஆர் கேட்டலிஸ்டைப் பாழாக்கும். கடையில வாங்கின யூரியாத் தண்ணி கேனை வெயில்ல போட்டு வைக்கறதும் தப்பு.

கேள்வி (அரூர், கார்): தினமும் பள்ளிக்கூடம், கடைன்னு சின்ன ஓட்டம்தான். டிபிஎஃப் லைட் அடிக்கடி வருது. ஆயில் குச்சியில அளவு ஏறின மாதிரி இருக்கு, பிரமையா?

பதில்: பிரமை இல்லைங்க. கரியை எரிக்க டிபிஎஃப்ல 600 டிகிரி அளவுக்கு சூடு வேணும். நிறைய கார்ல அதுக்காக டீசலைக் கொஞ்சம் தாமதமா தெளிக்கும். பாதியில வண்டியை நிறுத்தி நிறுத்தி விட்டா கரி எரிஞ்சு முடியாது, எரியாத டீசல் ஆயில்ல இறங்கும். அளவு மேக்ஸ் கோட்டைத் தாண்டியிருந்தா முதல்ல ஆயில் மாத்துங்க, அதுக்கு முன்னாடி வேகமா ஓட்டாதீங்க. மாத்தின பிறகு தர்மபுரி, கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில ஒரே வேகத்துல அரை மணி நேரம் ஓட்டிட்டு வாங்க. ஐட்லிங் கொஞ்சம் ஏறி, ஃபேன் சத்தமா ஓடினா கரி எரிஞ்சிட்டிருக்குன்னு அர்த்தம். அப்போ ஆஃப் பண்ணாதீங்க.

கேள்வி (காரிமங்கலம்): டிபிஎஃப், இஜிஆர் ரெண்டையும் சாஃப்ட்வேர்ல எடுத்துட்டா தொல்லையே இருக்காதுங்கறாங்களே?

பதில்: நான் செய்ய மாட்டேன், உங்களையும் செய்ய விட மாட்டேன். கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாத்தறது சட்டப்படி குத்தம். அதைவிட, அந்தக் கரிப்புகை உங்க தெருப் பிள்ளைங்க நெஞ்சுக்குள்ளதான் போகும். கோளாறும் தீராது. தேஞ்ச வயர் தேஞ்சேதான் இருக்கும், நாளைக்கு வேற சென்சார்ல காட்டும்.

கேள்வி (காவேரிப்பட்டணம், சின்ன ஷெட்): அண்ணா, நாள் முழுக்கத் தேடி ஒரு கப்ளர்ல (வயர் இணைப்பு) பச்சை பிடிச்சிருந்ததைச் சுத்தம் பண்ணேன், சரியாயிடுச்சு. பார்ட்டே மாத்தலையே, எதுக்குக் காசுங்கறார் வண்டிக்காரர். எப்படிக் கேட்கறது?

பதில்: தைரியமா கேளுங்க தம்பி. நீங்க அவருக்கு ஒரு சென்சார் காசை மிச்சம் பண்ணியிருக்கீங்க. அடுத்த வண்டியில இருந்து, வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே சோதனைக் கூலி மணிக்கு இவ்வளவுன்னு பேசிடுங்க. பில்லுல அதைத் தனி வரியா எழுதுங்க. எந்தக் கோடு, ஃப்ரீஸ் ஃப்ரேம்ல என்ன இருந்துச்சு, எந்த கப்ளர், சுத்தம் பண்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எத்தனை வோல்ட்னு அதுலயே குறிச்சுக் கொடுங்க. மழைக்காலத்துல அதே கோடு திரும்ப வந்து அவர் வேற ஷெட்டுக்குப் போனாலும், அங்க இருக்கிறவர் அந்தக் காகிதத்துல இருந்து தொடங்கலாம்.