அந்தியேட்டிக் கல்வெட்டுகளைச் சேர்த்து வைத்த சட்டத்தரணி

"வெளியில் பெயர் தெரியாத, ஆனால் உங்கள் ஊருக்கு நிறையச் செய்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் சாவகச்சேரியில் சட்டத்தரணியாகவும், காணி உறுதி (பத்திரம்) எழுதும் நொத்தாரிசாகவும் இருந்த ஒருவரைச் சொல்கிறேன். என் அப்பா அவரிடம் கிளாக்கர். பள்ளிக்கூடம் விட்டால் நான் நேரே அந்தக் கந்தோருக்குத்தான் போவேன். ஊரில் எல்லோருக்கும் அவர் 'அப்புக்காத்து ஐயா'.

அவருடைய அலுமாரியில் சட்டப் புத்தகங்களைவிடக் கல்வெட்டுகள்தான் அதிகம். யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களிடம் கொடுக்கும் நினைவு மலரைத்தான் நாங்கள் கல்வெட்டு என்போம். தேவாரம், திதி வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவழி எல்லாம் அதில் இருக்கும். பலர் வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கேயாவது போட்டுவிடுவார்கள். ஐயா வம்சாவழிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். யார் எந்த ஊரில் பெண் எடுத்தார், யார் மலாயாவுக்கு றெயில்வே வேலைக்குப் போனார், யார் சுருட்டுக் கொட்டில் நடத்தினார் என்று பென்சிலால் கோடு போட்டு வைப்பார். செத்த வீடுகளுக்குப் போனாலும், "கல்வெட்டு அடிக்கேக்க அப்புவின்ர தாய் தகப்பன்ர பேரையும் போடுங்கோ, பிள்ளையள்" என்று சொல்லிவிட்டுத்தான் வருவார்.

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் எழுதிய வரலாற்று நூலான யாழ்ப்பாண வைபவமாலையை அவர் நன்றாகப் படித்தவர். ஆனால் அதில் பெரும்பாலும் அரசர்கள். எங்கள் பக்கத்து ஊர்களான வரணியிலும் மட்டுவிலிலும் தோட்டம் செய்த சனத்தின் கதை காணி உறுதிகளிலும் கல்வெட்டுகளிலும்தான் இருக்கிறது என்பது அவர் எண்ணம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த பிறகு இந்தச் சேகரிப்பு அவருக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது என்று அப்பா சொல்வார்.

இதெல்லாம் வயதானவரின் பொழுதுபோக்கு என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். போர் வந்தபோதுதான் அதன் பெறுமதி தெரிந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரம் இருக்கும் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் எங்கள் பக்கம் வந்தது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரியே தரைமட்டமாகி, நாங்களும் ஓடினோம். திரும்பி வந்தபோது பலரிடம் காணி உறுதி இல்லை. எல்லை வேலியும் இல்லை.

உறுதி முடித்தால் மூலம் காணிக்காரரிடம் இருக்கும், ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும். இலக்கமும் திகதியும் தெரிந்தால் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். அவை தெரியாதவர்கள்தான் ஐயாவிடம் வந்தார்கள். அவர் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியைக் கேட்டு வாங்குவார். அதில் 'வடக்கு இன்னாரின் காணி' என்று இவருடைய பேரனாரின் பெயர் இருக்கும். (எங்கள் பக்கம் பேரன் என்றால் தாத்தா.) அந்தப் பேரனாருக்கு யார் யார் பிள்ளைகள், எந்தப் பிள்ளைக்குச் சீதனம் போனது என்பதைக் கல்வெட்டில் தேடுவார். அந்தக் கலியாண ஆண்டை வைத்து எந்த நொத்தாரிசு முடித்திருப்பார் என்று ஊகித்து, அப்பாவைப் பதிவகத்துக்கு அனுப்புவார். இரண்டு பரப்புத் துண்டுக்குக்கூட (பரப்பு எங்கள் ஊர்க் காணி அளவு) இவ்வளவு பாடுபடுவார். சரி, காசு? முத்திரைச் செலவுக்கு மேல் இடம்பெயர்ந்தவர்களிடம் வாங்கியதில்லை.

கணவனைத் தொலைத்த பெண்களுக்கு அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைப்படி கலியாணமான பெண் தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவன் காணாமற்போய்விட்டால் அவள் யாரிடம் சம்மதம் வாங்குவது? மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டும். அந்த மனுக்களை அவர் ஒரு சதம் வாங்காமல் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சனசமூக நிலையத்தில் இருந்து இந்தச் சட்டத்தைப் பெண்களுக்கு விளக்கிச் சொல்லவும் செய்தார். 1700களில் ஒல்லாந்தர் தொகுத்த வழமையைக் காப்பது வேறு, கணவனின் சம்மதம் கேட்கும் அந்த விதியைக் காப்பது வேறு என்பார். எனக்கும் அதே கருத்துத்தான்.

அவர் ஒரு புத்தகம்கூட எழுதாமல் போனது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். காணிப் பெயர்கள், கேணிகள், சுமைதாங்கிகள் பற்றிய குறிப்புக் கொப்பிகள் மட்டும் மிஞ்சின. ஐயாவின் மகளும் நானும் அவற்றை இப்போது தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் வீடுகளில் கிடப்பவை இன்னும் எத்தனையோ. சாவகச்சேரியைச் சுற்றியுள்ள எங்கள் தென்மராட்சிப் பகுதிக் கல்வெட்டு உங்களிடம் இருந்தால் வம்சாவழிப் பக்கத்தையும் அச்சகப் பெயர் உள்ள அட்டையையும் தெளிவாகப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். கொப்பியில் வரணிப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்கு இன்னும் தொடர்பு பிடிபடவில்லை.